உட்கார்ந்தால் நூற்று முப்பத்திரண்டு

மார்ச் 9

அண்ணனுக்கு,

ஆமா, வேணும்னேதான் போனை எடுக்கல. எடுத்தா கத்திடுவேன், வார்டே திரும்பிப் பார்க்கும். அதான் லெட்டர். என் கையெழுத்தைப் படிக்கிறதே உனக்குத் தண்டனை.

அப்பா கண்ணு முழிச்சுட்டாரு. வலது கை மட்டும் சொன்னபடி கேக்கல. டம்ளரைப் பிடிக்கப் போயி போர்வையைப் பிடிக்கிறாரு.

அவரோட மாத்திரைப் பையில நாலா மடிச்ச ஒரு தாள் கிடைச்சுது. ஜனவரில உன்னைப் பார்க்க வந்தாரே, உன் ஆஸ்பத்திரில நீயே ட்ரெட்மில்ல ஏத்தி எடுத்த டெஸ்ட். உன் எழுத்து எனக்குத் தெரியாதா? உட்கார்ந்திருக்கிறப்ப பிரஷர் 132. நடக்க ஆரம்பிச்சு ஆறாவது நிமிஷம் 226. ‘சோதனை நிறுத்தப்பட்டது. பாரம் தூக்கக் கூடாது.’

அன்னைக்கு போன்ல என்ன சொன்ன? “அப்பா குதிரை மாதிரி இருக்காருடா.”

குதிரைன்னு நம்பித்தான் ஓட்டினேன். தண்ணி கேன் போடுற அந்த லிஃப்ட் இல்லாத பில்டிங்ல, நானும் அப்பாவும் ஆளுக்கு ஒரு கேனைத் தோள்ல வெச்சுக்கிட்டு தினமும் ரேஸ். “என்ன பெருசு, மூணாவது மாடிக்கே மூச்சு வாங்குது?”ம்பேன். “காலேஜ்லேர்ந்து ஓடி வந்தவனே, படியிலயாவது ஓடுடா”ன்னு சிரிச்சுக்கிட்டே ஏறுவாரு. போன செவ்வாய்க்கிழமை மூணாவது மாடித் திருப்பத்துலேர்ந்து கேன் உருண்டு வந்துச்சு. பின்னாடியே அவரு.

சொல்லு. நான் தள்ளினேனா, நீ தள்ளினியா?

வாலு


மார்ச் 14

என் வாலுக்கு,

சாப்பிடுகிறாயா? அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நீ பட்டினி கிடப்பாய், எனக்குத் தெரியும்.

உன் கடிதத்தை அந்த ட்ரெட்மில் பக்கத்தில் நின்றே படித்தேன். ஜனவரியில் அன்று டாக்டர், “உங்க அப்பாதானே, நீங்களே சொல்லிடுங்க” என்று போய்விட்டார். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டபடி “எவ்வளவுப்பா?” என்று கேட்டார். நூற்றைம்பது என்றேன். அந்தத் தாளை அவர் படிக்க மாட்டார், நான் சொன்னதே போதும் என்று மடித்து வைத்துக்கொள்வார். அதுவும் எனக்குத் தெரியும்.

ஏன் என்று கேட்பாய். உண்மையைச் சொன்னால் அவர் கேனை இறக்கிவிடுவார். நீ தனியாகச் சமாளிக்க முடியாது. நான் திரும்பி வர வேண்டியிருக்கும். அந்தப் படிக்கட்டிலிருந்து தப்பித்து வந்தவன்டா நான். மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்களே, குறைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தினமும் டெஸ்டுக்கு வருகிறவர்களிடம், “உட்கார்ந்து பார்த்ததை நம்பாதீங்க, நடந்தாதான் தெரியும்” என்று சொல்கிற வாய் இது.

பிரஷர் பார்க்கும் மிஷின் அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் வரட்டுமா?

உன் அண்ணன்


மார்ச் 30

அண்ணனுக்கு,

வீட்டுக்கு வந்துட்டோம். உன் மிஷினைத் திருப்பி அனுப்பத்தான் நெனச்சேன். அப்பாவுக்காகப் பிரிச்சேன். “பெரியவன் அனுப்பினதா?”ன்னு பக்கத்து வீடு வரைக்கும் பெருமை அடிச்சுட்டாரு. ஜனவரித் தாளைப் பத்தி இன்னும் அவர்கிட்ட வாயைத் திறக்கல.

சமதரையில பத்து நிமிஷம் நடக்கலாம், நடந்ததும் பார்க்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நேத்து வராண்டால நடந்து முடிச்சதும் 188. “எவ்ளோடா?”ன்னாரு. “நூத்தம்பது”ன்னேன். அதே நம்பர். தானா வாயில வந்துச்சு. “அப்ப இன்னொரு ரவுண்டு”ன்னு கிளம்பிட்டாரு. நாலு அடி வெச்சிருப்பாரு, பின்னாடியே ஓடினேன்.

“பெருசு, பொய் சொன்னேன். நூத்தி எண்பத்தெட்டு.”

நின்னாரு. “அதை முதல்லயே சொல்றதுக்கென்னடா?”ன்னு திட்டிட்டு, சுவரைப் பிடிச்சுக்கிட்டே வந்து நாற்காலியில உட்கார்ந்துட்டாரு.

அவ்ளோதான்டா. ஒரு நம்பர். சொல்லியிருந்தா உட்கார்ந்திருப்பாரு.

ஞாயித்துக்கிழமை வரணும்னா வா. அவர் முன்னாடி நின்னு இருநூத்தி இருபத்தாறுன்னு நீயே சொல்லு. அவர் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு. முடியாதுன்னா வராதே, லெட்டரும் வேணாம்.

மறுபடி நடக்கக் கிளம்பச் செருப்பைத் தேடுறாரு. கேட்டா “சும்மாதான்”ம்பாரு. நான் போகணும்.