அறுபதைத் தாண்டாத வண்டி

நவ. 10, திங்கள். சித்தூர்

விடிந்ததிலிருந்து தூறல். புது வண்டி ஷெட்டுக்குள். பழையது வெளியே, தார்ப்பாய் மூடி. ஷெட் ஒன்றுதான். பத்தொன்பது வருடம் உள்ளே நின்றது அது.

புதியதையும் பழையது மாதிரி கூபே, தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் கார், என்று சொல்லித்தான் விற்றார்கள். நான்கு கதவு. பின்பக்கம் கூரை கொஞ்சம் சரிகிறது, அவ்வளவே. நாத்தனார் பின்சீட்டில் ஏறிப் பார்த்தாள். "இன்னா அண்ணி, புதுசு வாங்கியும் தல இடிச்சிக்கினுதான் இருக்குது."

பழையது: இரண்டே கதவு. உட்கார்ந்தால் ரோடு இடுப்பருகில். கிளட்ச் கல். ஏசி பேருக்கு.
புதியது: கிளட்சே கிடையாது. கேமரா. எதற்கெடுத்தாலும் பீப். புடவை கசங்காமல் இறங்கலாம்.

யோசித்தால் புதியதுதான். காலேஜில் புள்ளியியல் நடத்துகிறவள் வேறென்ன எழுதுவது.

சனிக்கிழமை பழையதைக் கொடுப்பதாகப் பேச்சு. திருப்பதியில் அலிபிரி பக்கம் மருந்துக்கடைக்காரர், பழைய வண்டிப் பிரியர். என் கணவர்தான் பேசி முடித்தார்.

நவ. 12, புதன்

காணிப்பாக்கம் பிள்ளையார் கோயில். புது வண்டிக்குப் பூஜை. நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம். நான் குடை பிடித்தேன், கும்பிடவில்லை.

இதே கோயிலில்தான் இவரைச் சத்தியம் செய்ய வைத்தேன். பழையது வாங்கிய மாதம். திருப்பதி ரோட்டில் நூற்றைம்பதில் ஓட்டினார். என் மடியில் மகள், இரண்டு வயது. பயந்தேன். பயத்தோடு வேறொரு சந்தோஷமும் இருந்தது. அதை அவரிடம் சொன்னதில்லை. மறுநாளே இங்கே கூட்டி வந்தேன். இங்கே செய்த சத்தியத்தை மீறினால் சாமி விடாது என்று ஊரே நம்புகிறது. எனக்கு நம்பிக்கை இல்லை. இவருக்கு உண்டு, அது போதுமானதாக இருந்தது. குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு: இனி அறுபதுக்கு மேல் ஓட்டுவதில்லை.

ஓட்டவில்லை. ஒரு நாளும்.

இன்று கேட்டார். "சத்தியம் அந்த வண்டிக்கா, எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

"அப்ப இதுவும் மாட்டுவண்டிதான்."

சிரித்தார். எனக்கு வரவில்லை.

நவ. 15, சனி

மழை விட்டது. இவர் பழையதில் முன்னால், நான் புதியதில் பின்னால். அது ஓடுவதை இத்தனை வருடத்தில் பின்னாலிருந்து பார்த்ததே இல்லை. அழகு. பாகாலா கிராஸில் ஒரு ஷேர் ஆட்டோ அதை முந்திப் போனது.

மருந்துக்கடைக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "மாமூலுகா எவ்ளோ ஸ்பீடுல போவீங்க சார்?"

"அறுபது."

"ஜோக்கா சார்?"

ஓட்டிப் பார்க்க எடுத்துப் போனார். நேர் ரோட்டில் மிதித்த சத்தம் கடை வாசல் வரை கேட்டது. இவர் டீயைக் குடிக்காமல் நின்றார். "இப்பிடித்தான் கத்தும். மறந்தே பூட்ச்சி."

கடைக்காரர் வந்து இறங்கியதும் சாவியை வாங்கிக்கொண்டேன். கொடுப்பதாக இல்லை, மன்னிக்க வேண்டும் என்றேன்.

"இன்னா மேடம், சார் மாட்லாடி, பேசி முடிச்சிட்டாரே."

பழையதின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். முதல் முறை. இவர் புரியாமல் நின்றார்.

"ஏறுங்க. நான் ஒண்ணும் சத்தியம் பண்ணல."

இரண்டு முறை ஆஃப் ஆனது. சந்திரகிரி தாண்டி எண்பது. தொண்ணூறு. இவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். "மெதுவா போம்மா." பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே: "அந்த லாரிய முந்திக்கினு போயேன்."

முந்தினேன்.

புது வண்டி மருந்துக்கடை வாசலிலேயே நிற்கிறது. நாளை பஸ்ஸில் போய் எடுத்துவர வேண்டும்.