வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தவர்

மலையடிவார வனத்துறை அலுவலகம், வெளி பெஞ்சு
திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டரை

அன்புத் தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதுவது. நலம் விசாரித்துத் தொடங்க மனம் வரவில்லை. நேற்று மாலையிலிருந்து நீ போனில் கேட்கும்போதெல்லாம் சிக்னல் இல்லை என்று துண்டித்தேன். இந்த வாசலில் சிக்னல் நன்றாகவே இருக்கிறது. எனக்குத்தான் தைரியம் இல்லை. வாயால் சொன்னால் நடுவில் ஏதாவது வேடிக்கை பேசி மழுப்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் காட்டுத்தீ தகவல் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முடித்ததும் படம் பிடித்து உனக்கு அனுப்புவேன்.

முதலில் செய்தி. மாப்பிள்ளை இன்னும் கிடைக்கவில்லை. நாற்பது பேர், இரண்டு நாய்கள் தேடுகிறார்கள். கெட்ட செய்தி எதுவும் இல்லை. நல்ல செய்தியும் இல்லை.

எங்கள் மீட்டர் பழுதுபார்க்கும் கூடத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் எல்லோரையும் எங்காவது கூட்டிப்போவது உனக்குத் தெரியும். இந்த வருஷம் மலைமேல் இருக்கும் ஏரி. காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடலாம், வழி எனக்கு அத்துப்படி என்று பேக்கிங் பிரிவுக்காரர் மார்தட்டினார். நாலு மணி நேரம் ஏறிய பிறகு பாதை ஒரு பள்ளத்தில் போய் முடிந்தது. நெருக்கிக் கேட்டபோதுதான் உண்மை வந்தது: தேனிலவுக்கு இந்த ஊருக்கு வந்தவர், லாட்ஜை விட்டு வெளியே வரவே இல்லையாம். ஏரியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். நான் மட்டும் என்ன யோக்கியம்? மகனுடைய ஷூவை மாட்டிக்கொண்டு, கூட்டத்தின் கடைசியில், மாடு மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினேன். என்னோடு மெதுவாக நடந்து வந்தவர் மாப்பிள்ளை ஒருவர்தான்.

பள்ளத்துக்கு வெகு முன்னால், பன்னிரண்டு மணி வாக்கில், ஒரு மேட்டைக் காட்டினார். "மச்சான், இது மேல ஏறினா டவர் கிடைக்கும்போல. இன்னைக்கு அவகிட்ட பேசிடறேன். நீங்க நடங்க, பின்னாலயே வந்துடறேன்" என்றார். அந்த வெளிநாட்டு வேலை ஒப்பந்தத்தை நீ இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டித்ததிலிருந்து நீங்கள் பேசிக்கொள்வதில்லை என்று எனக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை. பக்கத்து மேஜையில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். "கால்ல விழறதுக்கு இவ்ளோ உயரத்துக்குப் போகணுமா மாப்பிள்ளை" என்று கிண்டல் செய்தேன். சிரித்துக்கொண்டே பையை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறினார். அந்த வார்த்தையை நேற்றிலிருந்து விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

பாதை முடிந்த பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பாறை. அங்கே போய்ச் சேர்ந்தபோது பனிமூட்டம் இறங்கிவிட்டது. ஏரியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், இறங்குங்கள் என்றார் நாங்கள் மணிக்கூண்டு என்று கூப்பிடும் எங்கள் சூப்பர்வைசர். மனிதர் மலைக்கும் வருகைப் பதிவேட்டைக் கொண்டு வந்திருந்தார். இரண்டு பத்துக்கு அந்த மூட்டத்தில் நின்று இருபத்தொரு பெயரையும் வரிசையாகக் கூப்பிட்டார்.

இனி எழுதுவதைப் படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

எங்கள் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. காலையில் ஒருவர் வரத் தாமதமானால் பக்கத்து மேஜைக்காரர் அவர் குரலில் பதில் சொல்வார். மணிக்கூண்டு தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. உன் புருஷனுக்கு நானும், எனக்கு உன் புருஷனும். அவர் எப்படி லேசாகச் செருமிவிட்டுப் பேசுவாரோ அப்படியே நான் பேசுவேன். நேற்று அவர் பெயரைக் கேட்டதும் என் தொண்டை தானாகச் செருமிக்கொண்டது. "இருக்கேன் சார்" என்றேன்.

வேண்டுமென்று செய்யவில்லை என்று எழுதினால் பாதிதான் உண்மை. வாய் தானாகத் திறந்தது நிஜம். ஆனால் அடுத்த பெயரைக் கூப்பிடுவதற்குள் எனக்கு உறைத்துவிட்டது. இல்லை சார் என்று திருத்தியிருக்கலாம். பாவம், திட்டு வாங்குவாரே, பின்னாலேயே வந்துவிடுவார் என்று பேசாமல் நின்றேன். எல்லோரோடும் இறங்கினேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தபோதுதான் மாப்பிள்ளை இன்னும் வரவில்லை என்று கத்தி பஸ்ஸை நிறுத்தினேன்.

வனத்துறையினர் வந்து கேட்டார்கள். மணிக்கூண்டு பதிவேட்டைப் பிரித்து, "இரண்டு பத்துக்கு அந்தப் பாறைகிட்ட ஆள் இருந்தார், என் ரிஜிஸ்டர் பொய் சொல்லாது" என்று அடித்துச் சொன்னார். அதனால் பாறைக்குக் கீழே தேடினார்கள். இருட்டும்வரை தேடினார்கள், விடிந்ததும் தேடினார்கள். அவர் அந்தப் பாறைக்கு வரவே இல்லை என்று தெரிந்த ஒரே ஆளான நான், ஓரமாக உட்கார்ந்து அவர்கள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். இடையில் மழை வேறு பெய்தது. அவருடைய ஸ்வெட்டரும் பிரஷர் மாத்திரையும் என் மடியில் இருக்கும் பையில் இருக்கின்றன.

இன்று காலை ஒன்பதரைக்குச் சொன்னேன். நாய்களைப் பள்ளத்துக்குள் இறக்கியதைப் பார்த்த பிறகு தாங்க முடியவில்லை. வன அதிகாரி ஒரு வார்த்தை திட்டவில்லை. வரைபடத்தை மடித்து வேறு பக்கம் திருப்பினார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். மணிக்கூண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ இந்தப் பத்தொம்போது வருஷமும்?" என்றார். "பாதிதான் சார்" என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு அப்படித்தான் பதில் வருகிறது, பார்த்துக்கொள்.

இப்போது அந்த மேட்டுக்கு மேலே தேடுகிறார்கள். அங்கிருந்து மூன்று சரிவு பிரிகிறதாம். நேற்றுப் பகலில் உன் போனில் அவருடைய மிஸ்டு கால் ஏதாவது இருக்கிறதா, பார். நீ கோபத்தில் எடுக்காமல் விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அதற்காக நொந்துகொள்ள இது நேரமில்லை. எத்தனை மணி, எத்தனை நிமிஷம் என்று மட்டும் உடனே அனுப்பு. எந்தச் சரிவில் எவ்வளவு தூரம் போயிருப்பார் என்று அதை வைத்துக் கணக்குப் போடுவார்களாம்.

இன்னொன்று. ஒரு ராத்திரி குளிரில் கிடந்தவர்கள் முன்பின் தெரியாதவர்கள் கூப்பிட்டால் சில சமயம் குரல் கொடுக்க மாட்டார்களாம். பழகிய குரலை ஒலிபெருக்கியில் போட்டால் கொடுப்பார்கள் என்கிறார் அதிகாரி. நேற்று மாலை அடிவாரத்தில் நின்று கத்திக் கத்தி என் குரல் போய்விட்டது. நீ பேசிப் பதிவு செய்து அனுப்பு. வீட்டில் எப்படிக் கூப்பிடுவாயோ அப்படியே கூப்பிடு. இரண்டு வருஷம், ஒப்பந்தம், அதெல்லாம் வேண்டாம். "என்னங்க, எங்க இருக்கீங்க, வாங்க" என்றால் போதும். முடிந்தால் அழாமல் சொல். முடியாவிட்டால் அழுதே சொல், ஆனால் சத்தமாகச் சொல். நாலரைக்கு மேல் மூட்டம் இறங்கிவிடுமாம்.

நீ நன்றாக இருக்க வேண்டும், அவர் நன்றாக வந்து சேர வேண்டும். உன் அண்ணன் என்று கையெழுத்துப் போட எனக்கு இன்று கை வரவில்லை. போடலாமா கூடாதா என்பதை நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சொல்லுங்கள். அதுவரை காத்திருக்கிறேன்.