வரிசையில் மூன்றாவது பிணம்

ஷாம் ஷுய் போ,
ஹாங்காங்.
அக்டோபர் 1988

அன்பு மகள் குவாய்லானுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். டொராண்டோவில் இப்போதே குளிர் தொடங்கிவிட்டதாம், உன் வருங்கால மாமியார் சொன்னார். கடையில் வாங்கித் தின்றே காலத்தை ஓட்டாமல், சூடாக ஒரு சூப்பாவது வைத்துக் குடி.

ஆமாம், அந்த அம்மாளைப் பார்த்தேன். இங்கே தன் அண்ணன் வீட்டுக்கு வந்தவர் கேக் பெட்டியோடு நம் வீட்டுக்கும் வந்துவிட்டார். நீ கேட்டுக்கொண்டபடி அப்பாவை முதல் நாளே சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர் கப்பல் கம்பெனி குமாஸ்தா, வேலையாக மக்காவ் போயிருக்கிறார் என்றேன். சினிமாவில் பிண வேஷம் போட்டு, தினம் சவப்பெட்டியில் படுத்து எழுகிறவர் கல்யாண வீட்டுக்கு ஆகாதவர் என்று நினைப்பார்களோ என்ற உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை.

ஆனால் உன் மாமியாருக்கு, செத்தவர்கள் எழுந்து கைநீட்டிக் குதித்து வரும் அந்தப் பிணப் படங்கள் என்றால் உயிர் என்பது உனக்குத் தெரியுமா? அங்கே வீடியோ கடையில் ஒன்று விடாமல் எடுத்துப் பார்த்திருக்கிறார். “சினிமாவுக்குத் துணி தைக்கிறீங்களாமே சம்பந்தி, ஷூட்டிங் காட்டாமலே என்னை ஊருக்கு அனுப்பிடுவீங்களா?” என்று கையைப் பிடித்துக்கொண்டார். அன்று அப்பாவுக்கு வேலை இல்லையே என்ற தைரியத்தில் யுவென் லாங் பக்கம் நடந்த ஷூட்டிங்குக்குக் கூட்டிப்போனேன். பிண வேஷக்காரர் யாருக்கோ காய்ச்சலென்று காலையில் சித்தப்பா வீட்டுக்கே போன் செய்து அப்பாவை வரவழைத்திருக்கிறார்கள். எனக்கெப்படித் தெரியும்?

முற்றத்தில் ஆறு பிணங்கள், நெற்றியில் மஞ்சள் மந்திரக் காகிதமும் நீட்டிய கைகளுமாக வரிசையில் நின்றன. மூன்றாவது அப்பா. நான் தைத்த அங்கி எனக்கு அடையாளம் தெரியாதா? அவரும் எங்களைப் பார்த்துவிட்டார். அப்படியே விறைத்து நின்றுவிட்டார்.

உன் மாமியார் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். பிணங்களை அடக்கும் சாமியார் வேஷத்தில் இருந்த செங் அண்ணனிடம், “படிக்கட்டுல பின்பக்கமாவே குதிச்சு இறங்குவாரே ஒருத்தர்! சிரிச்சு சிரிச்சு எனக்கு வயித்து வலியே வந்துடுச்சு. அவரைப் பார்க்கணுமே” என்று கேட்டார். அப்படி இறங்குகிறவர் அப்பாதான். செங் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். “அவரு இன்னைக்கு வரலைங்க” என்றார் அவர்.

அதற்குள் உன் மாமியார் மூன்றாவது பிணத்தின் கையோடு கை கோத்துக்கொண்டு நின்றார், போட்டோவுக்காக. “இது கண்ணு மட்டும் சாது மாதிரி இருக்கு” என்றார். அப்பாவின் கண்ணுக்குக் கீழே வெள்ளைப் பூச்சு கரைந்து கோடாக இறங்கியது. “ஐயையோ, இது அழுவுதே!” என்று அந்த அம்மாள் பதறினார். “பொணத்துக்கு ஏதுங்க அழுகை? வேர்வை. இந்த வெயில்ல செத்தவனும் வேகுறான்” என்றார் செங் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா அசையவில்லை.

வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது அவர் சொன்னது இதுதான்: “நல்ல மனுஷி. நம்ம பொண்ணு போற வீட்டுல சிரிப்பு இருக்கு, அது போதும்.” கொஞ்ச நேரம் கழித்து, “கல்யாணத்துக்கு நீ மட்டும் போயிட்டு வா. எனக்கு ஷூட்டிங் இருக்கு” என்றார்.

செங் அண்ணனிடம் விசாரித்தேன். கல்யாண மாதத்தில் ஷூட்டிங் எதுவும் இல்லையாம். அப்பாவோ கல்யாணத்துக்கென்று தன் சாம்பல் நிறக் கோட்டைப் பிரித்து இடுப்பைத் தளர்த்தித் தரும்படி போன மாதமே என்னிடம் கொடுத்திருந்தார். தைத்து அலமாரியில் மாட்டிவிட்டேன்.

உன் மாமியார் ஊர் திரும்பியதும் அந்தப் போட்டோவை உன்னிடம் காட்டுவார். பக்கத்தில் நிற்பது யார் என்று கேட்டாலும் கேட்பார். என்ன சொல்வது என்பது உன் இஷ்டம். நான் வற்புறுத்த மாட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட நாள் ஒற்றுமையாக, நிறைவாக வாழ வேண்டும். ஞாயிறு காலை நான் மார்க்கெட்டுக்குப் போய்விடுவேன். அப்பா மட்டும்தான் வீட்டில் இருப்பார். நீ போன் செய்தால் உடனே எடுக்க மாட்டார். கொஞ்ச நேரம் அடிக்க விடு, கண்ணு.

உன் அம்மா