சின்னவள் யாருக்குப் பந்து தூக்குகிறாள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. வீட்டில் மூன்று பேரும் உடம்பளவில் சுகம், மனசு எப்படி என்று கேட்டாயானால் அதைச் சொல்லத்தான் தாளும் பேனாவும் எடுத்தேன். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். ஃபோனில் நான் ஒன்று சொல்லத் தொடங்கினால் நீ ஒன்பது சொல்வாய், தாளில் குறுக்கே பேச முடியாது. முழுதும் படித்து முடித்துவிட்டுக் கோபப்படு.

அடுத்த மாதம் கல்லூரிகளுக்கிடையிலான வாலிபால் போட்டிகள் தொடங்குகின்றன. இந்த வருடம் எங்கள் பெண்கள் அணி கோப்பை வாங்கும் என்பது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். முதல்வர் இப்போதே வாசல் கேட்டில் பெரிய பேனர் கட்டிவிட்டார், ‘வெற்றி நமதே’ என்று, அதில் போன வருடத்துப் படம், அதில் இருக்கிற பாதிப் பேர் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள். கேன்டீன்காரர் டீயைக் கையில் கொடுக்கும்போதே “என்ன மேடம், கப்பு எங்க வைக்கப் போறீங்க, அலமாரி ரெடியா” என்கிறார். அப்பா வேலை செய்யும் அச்சகத்தில்கூட இதே பேச்சாம். இவ்வளவு ஆட்டத்துக்கும் காரணம் முதல் வருடத்தில் வந்து சேர்ந்திருக்கும் ஒரு பெண். சின்னவள் ஃபோனில் சொல்லியிருப்பாள், எல்லோரும் ஏணி என்று கூப்பிடுகிறார்கள், அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கிறாள். நின்ற இடத்தில் கையைத் தூக்கினாலே நெட்டுக்கு மேலே மணிக்கட்டு தெரியும். அப்படி ஒருத்தி கிடைத்த கோச் சந்தோஷமாகத் தூங்க வேண்டும். எனக்கு எங்கே தூக்கம். உள்ளரங்கம் முழுக்கத் தேர்வு மேசைகளை அடுக்கி வைத்துப் பூட்டியிருக்கிறார்கள், தேர்வு முடிந்து எத்தனை நாளாகிறது, எடுக்க ஆளில்லை. வெளி மைதானத்தில் பழகுகிறோம், அங்கே காற்று எங்கள் அணியில் ஏழாவது ஆள், யார் பேச்சும் கேட்காதவள். நெட்டை இழுத்துக் கட்டும் கைப்பிடி தொலைந்துபோய்விட்டது. அலுவலகத்தில் சொன்னால் “கயிறு போட்டு அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம்” என்கிறார்கள். கயிறு போட்டுக் கட்டிய நெட் நடுவில் தொங்குகிறது. தொங்கும் நெட்டில் பழகிய பிள்ளைகள் போட்டியன்று நேரான நெட்டைப் பார்த்தால் யாரோ சுவர் எழுப்பிவிட்ட மாதிரி மிரளப் போகிறார்கள். முதல்வரிடம் போனால், “நீங்க கப்பை மட்டும் கொண்டு வாங்க, அந்த ஹாலுக்கே உங்க பேரை வெச்சிடறேன்” என்று சிரிக்கிறார். எனக்குப் பேர் வேண்டாம் சார், சாவி வேண்டும் என்று வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

இதெல்லாம் எல்லா வருடமும் இருக்கிற தலைவலிதான். இந்த வருடத்துத் தலைவலி வேறு. அந்த ஏணி இடது ஓரத்தில் ஓடி வந்து எகிறி அடித்தால் பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் பந்து கோட்டுக்கு வெளியே போகும். பத்து அடித்தால் ஆறேழு வெளியே. ஓட்டத்தை மாற்றினேன், ஒரு அடி முன்னால் எகிறச் சொன்னேன், பின்னால் எகிறச் சொன்னேன், மணிக்கட்டை மடக்கச் சொன்னேன், அந்தப் பெண்ணும் வாயைத் திறக்காமல் சொன்னதையெல்லாம் செய்தது. மாற்று செட்டராக இருக்கிற பொடிசு, அதுதான் அந்தக் குட்டையான வாயாடி, “மேடம், ஏணி அடிச்ச பந்தைப் பொறுக்க எனக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தாங்க” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், ஏணியும் சிரித்தாள், பிறகு உடை மாற்றும் அறையில் அழுதாளாம். ஒருநாள் என்னிடம் தயங்கித் தயங்கி வந்து, “தப்பா எடுத்துக்காதீங்க மேடம், அந்தப் பந்து எனக்கு வர்ற மாதிரியே இல்ல, வேற யாருக்கோ போற மாதிரி இருக்கு” என்றாள். நான் அதைச் சாக்கு என்று நினைத்துவிட்டேன். பந்து தூக்கித் தரும் செட்டர் நம் சின்னவள் ஆயிற்றே. அவள் விரலிலிருந்து பந்து கிளம்புவதைப் பார்த்திருக்கிறாய், சத்தமே வராது, சுற்றாமல் போகும். கோளாறு அங்கே இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

போன வாரம் தபால் அலுவலகப் பெண்கள் அணியோடு ஒரு பயிற்சி ஆட்டம் வைத்தேன். எல்லோரும் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நேரே ஆட வந்தார்கள், வெளுத்து வாங்கினார்கள். இரண்டாவது செட்டில் சின்னவளுக்கு விரல் பிசகி உட்கார வேண்டியதாயிற்று, வேறு வழியில்லாமல் பொடிசை இறக்கினேன். பொடிசு தூக்கும் பந்தைச் சொல்ல வேண்டாம், பஞ்சு போன தலையணையை மாடியிலிருந்து போட்ட மாதிரி ஆடிக்கொண்டு வரும். அந்தத் தலையணையை ஏணி அடித்தாள் பார், எதிர்ப் பக்கத்து அம்மாள் ஒருத்தி கையை உதறிக்கொண்டே “ஏம்மா, இவ்வளவு நேரம் இதை எங்க வெச்சிருந்தே” என்று கேட்டாள். அடுத்ததும் உள்ளே, அதற்கடுத்ததும் உள்ளே. கோளாறு சின்னவள் பக்கமோ என்று முதல்முறையாகத் தோன்றியது. பாயிண்ட் வரும்போது முகம் சுளித்த கோச் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

விரல் சரியானதும் எல்லோரையும் அனுப்பிவிட்டுச் சின்னவளை மட்டும் நிறுத்தி, இடது ஓரத்தில் ஏணி எகிறும் இடத்தில் நானே போய் நின்றேன். தூக்கச் சொன்னேன். பந்து என் வலது தோளைத் தாண்டி, தலையைத் தாண்டி, இடது தோளுக்கும் வெளியே போய் இறங்கியது. இன்னொன்று கேட்டேன், அச்சு மாறாமல் அதே இடம். யாருக்குடி தூக்கறே என்று கேட்டேன். “ஏணிக்குத்தான் மேடம்” என்றாள், மைதானத்தில் அவள் சொல்லும் அந்த மேடத்தில் எப்போதும் ஒரு குத்தல் இருக்கும். ஏணி வலது கையால்தானே அடிக்கிறாள், வலது கைக்காரிக்கு எதற்கு இவ்வளவு வெளியே போகிறது என்றேன். அவள் பந்து விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு மேடத்தை மறந்துவிட்டு, “அம்மா, அக்கா அங்கதானே அடிப்பா” என்றாள்.

நம் வீட்டுக் கொல்லையில் துணிக் கயிற்றை நெட்டாக்கி நீங்கள் இரண்டு பேரும் ஆடியது உனக்கு நினைவிருக்கும். இடது கைக்காரியான உனக்குத் தோதான வலது ஓரத்தைத் தண்ணீர்த் தொட்டி அடைத்துக்கொண்டிருந்ததால் நீ இடது ஓரத்திலிருந்தே அடித்துப் பழகினாய், உன் கைக்கு எட்டுவதற்காக அவள் ஒரு முழம் வெளியே தள்ளித் தூக்கிப் பழகினாள். கல்லூரியிலும் நீ அந்த ஓரத்தை விடவில்லை. அவளுடைய பந்து நேர்த்தியாகத்தான் போகிறது, போய்ச் சேரும் இடத்தில் நீ இல்லை. அது புரிந்ததும் எனக்குப் பாரம் இறங்கியது, இனி சுலபம், ஒரு முழம் உள்ளே தூக்கு, அவ்வளவுதானே என்றேன். மறுநாள் தூக்கினாள். ஏணி அடித்தாள். மைதானமே குதித்தது. அதற்கு மறுநாள் பந்து பழையபடி வெளியே போனது. கத்தினேன், உள்ளே வந்தது. மறுநாள் மறுபடி வெளியே. இவளுக்குப் பேய் பிடித்திருக்கிறதா என்று நினைத்தேன்.

பேயின் குரலை உடை மாற்றும் அறையில் கேட்டேன். விசில் எடுக்கப் போனவள் வாசலில் நின்றுவிட்டேன், உள்ளே சின்னவளும் இன்னும் மூன்று பெண்களும் அவள் ஃபோனைச் சுற்றித் தலையை ஒட்டவைத்துக்கொண்டு தேர்தல் முடிவு கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உன் குரல். “நீ அனுப்பின வீடியோ பாத்தேன்டி. ஏன் உள்ள கொண்டு வர்றே? அவளுக்குத்தான் அவ்வளவு நீளக் கை இருக்கே, நல்லா வெளிய தள்ளு. அம்மா பழைய காலத்து ஆட்டம் சொல்லித் தருவாங்க, நீ தலையாட்டிட்டு உன் பாட்டுக்கு ஆடு.” சரிதான். உன் பழைய காலத்து அம்மா விசிலை எடுக்காமலே திரும்பி வந்தாள்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று பொய் எழுத மாட்டேன். இரண்டு நாள் சின்னவளிடம் பேசவில்லை, அப்பா, “வீட்டுக்குள்ள நெட்டுக் கட்டாதீங்க, நடுவுல நான்தான் அடி வாங்கறேன்” என்றார். பிறகு உன்னைப் பற்றி யோசித்தேன். ஆய்வகத்தில் நாள் முழுக்க யார் யாருடைய ரத்தத்தையோ பார்த்துவிட்டு அறைக்கு வருகிறாய், பேச ஆளில்லை, அங்கே ஆட ஓர் இடமும் நீ தேடிக்கொள்ளவில்லை, கேட்டால் முழங்காலைச் சாக்குச் சொல்கிறாய். எங்கள் வீடியோவைப் பார்க்கும்போது இடது ஓரத்தில் உன்னையே நிறுத்திப் பார்க்கிறாய். அந்தப் பந்து உனக்கு அங்கேதான் வேண்டியிருக்கும். ஒரு குழந்தை தான் போட்டிருந்த சட்டை இன்னும் தனக்குப் பொருந்தும் என்று அடம்பிடிப்பது போலத்தான் இதுவும், தப்பில்லை, ஆனால் அந்தச் சட்டைக்குள் இப்போது இன்னொருத்தி மூச்சு முட்டி நிற்கிறாள். ஏணி அறையில் அழுதாள் என்றேனே, அது யாரால் என்று நீயே சொல்.

முதல் ஆட்டத்துக்குப் பொடிசை இறக்கப்போகிறேன். சின்னவள் பெஞ்சில் உட்காருவாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை, வீட்டில் சொல்ல மாட்டேன், நாளைக்கு மைதானத்தில் எல்லோர் முன்னாலும் சொல்வேன், மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வேனோ அப்படி. இதில் எனக்கு எரிச்சலான விஷயம் என்ன தெரியுமா, இத்தனை வருடம் ‘அம்மா கோச், பொண்ணு செட்டர், நல்ல ஏற்பாடு’ என்று முதுகுக்குப் பின்னால் பேசியவர்களெல்லாம் இப்போது என்னை நியாயவாதி என்று புகழப்போகிறார்கள். அதற்காகச் செய்வதாக நீயாவது நினைத்துவிடாதே. பொடிசைவிட இவள் பத்து மடங்கு நல்ல செட்டர், எனக்குத் தெரியாதா? அந்த அழகான பந்தை வெளியே உட்கார வைக்க எனக்கு மனசே இல்லை. தலையணைப் பந்தை வைத்துக்கொண்டு கோப்பை வாங்க முடியாது, முதல் சுற்றைத் தாண்டினாலே பெரிது. ஆனால் இந்தக் கை இப்படியே களத்தில் இறங்கினால் ஏணியைக் கூட்டம் சிரித்தே வீட்டுக்கு அனுப்பிவிடும், பிறகு அந்தப் பெண் எகிறவே மாட்டாள். சின்னவள் அரையிறுதிக்குள் திரும்ப வந்தால்தான் எங்களுக்கு வாய்ப்பு. அவள் கையை என்னால் திருத்த முடியும், அவள் காதில் நீ இருக்கும்வரை முடியாது.

நாளைக்குச் சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டு அழுவாள். இந்தக் கடிதத்தை இன்றே படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லி அப்பாவிடம் கொடுக்கிறேன், அவள் பேசுமுன் நீ படித்திருக்க வேண்டும். அழட்டும், குறுக்கிடாமல் கேள். அம்மாவைத் திட்டினால் சேர்ந்து திட்டு, பரவாயில்லை. ஆனால் “நான் என்னக்கா பண்ணட்டும்” என்று கேட்பாள், கட்டாயம் கேட்பாள், அப்போது உனக்குப் பதில் நாக்கு நுனியில் நிற்கும். அதைச் சொல்லாதே. ‘எனக்குத் தெரியாதுடி, பந்து எங்க வேணும்னு ஏணிகிட்ட கேளு’ என்று மட்டும் சொல். சொல்லிவிட்டு ஃபோனை வைத்த பிறகு உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்துக்கு நான் விழித்திருப்பேன், என்னைக் கூப்பிடு. அப்போது ஒன்பது என்ன, தொண்ணூறு சொல், குறுக்கே பேச மாட்டேன்.

முழங்காலுக்கு மருந்து தடவ மறக்காதே. எங்கே போனாலும் உன் கை ஓங்கியே இருக்கட்டும், நல்ல மனிதர்கள் உன் பக்கத்தில் நிற்கட்டும். அப்பாவின் ஆசியும்.

உன்மேல் கோபமும் அதைவிடக் கூடுதலாகப் பாசமும் உள்ள,
அம்மா