லீவு எத்தனை நாள்?

வடகரை,
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

நிர்மலா எழுதுவது. இங்கே நானும் நம் மகள் குழல்வாய்மொழியும் சுகம். கென்யா வெயில் உங்களை வாட்டாமல் இருக்க வேண்டும் என்று குற்றாலநாதரைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போனில் நீங்கள் ‘சாப்பிட்டியா’ என்று கேட்பதற்குள் சிக்னல் போய்விடுகிறது. அதனால் நீங்கள் பட்டாளத்தில் காஷ்மீரில் இருந்தபோது நான் எழுதியதுபோல எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

சாரல் நன்றாக விழுகிறது. ஐந்தருவிக்குப் போகிற கார்கள் தென்காசி வரை நிற்கின்றன. போன வாரம் தோப்புக்குள் யானை இறங்கி, நீங்கள் வைத்த தென்னம்பிள்ளைகளில் பாதியைப் பிடுங்கிக் குருத்தைத் தின்றுவிட்டது. பக்கத்துத் தோப்பு அய்யாத்துரை அண்ணாச்சிதான் வெடி போட்டு விரட்டினார்கள். மீதியைச் சுற்றி முள் கட்டியிருக்கிறேன். யானைக்கு முள் எம்மாத்திரம் என்பீர்கள். சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

அகதிகள் முகாமில் வேலை பழகிவிட்டது என்று உங்கள் குரலிலேயே தெரிகிறது. முதல் மாதம் மக்காச்சோளக் களி தொண்டையில் இறங்கவில்லை என்றீர்கள். இப்போது சாப்பாட்டைப் பற்றிப் புலம்புவதே இல்லை. டிரைவர்களின் பெயரையெல்லாம் சொல்லுகிறீர்கள். தானிய லாரி சேற்றில் மாட்டியபோது அவர்களோடு இறங்கித் தள்ளியதைச் சொன்னீர்களே, அன்றைக்கு அப்படி ஒரு தெம்பு. பட்டாளத்தை விட்டு வந்த பிறகு வீட்டில் ஒருநாளும் நான் அந்தக் குரலைக் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது.

முன்பெல்லாம் அரசாங்கம் உங்களைக் கொண்டுபோனது என்று மனசைத் தேற்றிக்கொள்வேன். இந்த முறை யாரும் உத்தரவு போடவில்லை. ஓய்வு பெற்று வந்த நாலாம் மாதமே நீங்களாகப் போனீர்கள். ஏன் என்று பல நாள் யோசித்தேன். ஒரேயடியாக வந்துவிட்ட மனிதரைப் பார்த்து ஊரே லீவு எத்தனை நாள் என்று கேட்டது. சுரண்டைச் சந்தையில் கேட்டார்கள், கோயிலில் கேட்டார்கள். நானும் குறைச்சல் இல்லை. நாள் தவறாமல் கறி எடுத்துச் சமைத்தேன். ரேஷன் கடைக்குப் போகிறேன் என்று எழுந்தவரை உட்காரவைத்தேன். நீங்களும் கட்டிலுக்கு அடியில் கிடக்கிற கறுப்புப் பெட்டியிலிருந்தே சட்டை எடுத்து உடுத்தினீர்கள். பீரோவில் ஒரு தட்டை ஒழித்துத் தர எனக்குத் தோன்றவே இல்லை. விருந்தாளி எத்தனை நாள்தான் இருப்பார்?

பொங்கலுக்குப் பதினைந்து நாள் லீவு தருகிறார்கள், வரவா என்று கேட்டிருந்தீர்கள். அடுத்த வருஷத்துக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்பதை அதோடு மெதுவாகச் சேர்த்துச் சொன்னீர்கள். குழலியிடம் லீவைச் சொன்னேன். துள்ளுவாள் என்று பார்த்தால் பத்தாம் வகுப்புப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “அப்பா லீவுல வாராவன்னாலே, அவுக போற ரயிலுதாம்மா மொதல்ல கண்ணுக்குள்ள வருது” என்றாள். அடுப்படியில் வேலை இருப்பதுபோலப் போய் நின்றுகொண்டேன்.

அத்தான், எனக்கு உங்களை ரொம்பத் தேடுகிறது. போனில் சொன்னால் அங்கே கலங்கிப்போவீர்கள் என்று இத்தனை நாளும் சொல்லவில்லை. உங்கள் லாரியை எதிர்பார்த்து வழியில் நிற்கிற பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடி வாருங்கள் என்று கூப்பிட எனக்கு வாய் வராது. ஒத்துக்கொண்ட வருஷத்தை முழுதாக முடியுங்கள். பொங்கலுக்கு வர வேண்டாம். வந்துவிட்டுப் போவதைப் பார்ப்பதற்குப் பதில், வராமல் இருப்பதையே தாங்கிக்கொள்வேன். அடுத்த கையெழுத்தை மட்டும் போடாதீர்கள்.

குற்றாலநாதர் உங்களையும் அந்த டிரைவர்களையும் காக்கட்டும். கொசுவலை கட்டாமல் படுக்க வேண்டாம். வரும்போது எனக்கும் குழலிக்கும் என்ன வேண்டும் என்று எப்போதும் கேட்பீர்கள். எதுவும் வேண்டாம். திரும்பிப் போகிற தேதியை மட்டும் கொண்டுவராமல் வாருங்கள்.

உங்கள்
நிர்மலா