மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி

அன்புள்ள மாரிட்டுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி ஆண்டர்ஸும் குறையில்லாமல் இருக்கிறோம், அலாஸ்காவின் அந்த ஓயாத மழையில் நீயும் சளி, இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். மீன் பண்ணையில் நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிறாயே, கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன், போன தடவை மாதிரி யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடாதே. ஐயோவாவில் பனி உருகி வாசலெல்லாம் சேறு, தோட்டத்தில் ரூபார்ப் செடி இப்போதுதான் தலை நீட்டுகிறது, அப்பா விதைக்கும் இயந்திரத்தைக் கழற்றித் திரும்பப் பூட்டிவிட்டு மீதியான நாலு திருகாணிகளைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறார். ஆண்டர்ஸுக்கு இது கடைசி வருடம், உன்னைப் போலவே காலையில் வீட்டில் என்னிடம் கணக்கும் சரித்திரமும் கட்டுரையும், மதியம் பள்ளியில் வேதியியலும் பேண்டு வாத்தியமும். ஒரே வித்தியாசம், அவன் பதினொன்றரைக்கே கிளம்பிப் போய்ப் பள்ளிக் கேன்டீனில் கூட்டத்தோடு சாப்பிடுகிறான். உன்னை நான் அப்படி விட்டதில்லை. பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தி, நீ ரொட்டியைத் தின்று முடிக்கும் வரை லத்தீன் சொற்களைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சன்னல் வழியாகப் பிள்ளைகள் "ஏய் அரைநாள், வாடி!" என்று கூப்பிடுவார்கள், நீ சிரித்துக்கொண்டே கையை ஆட்டுவாய், நான் அடுத்த சொல்லைக் கேட்பேன். இதை நினைத்தாலே இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சொல்ல வந்ததைச் சொல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் பள்ளியில் மாணவர் ஆலோசகராக இருக்கும் திருமதி ப்ரூக்னரிடமிருந்து ஆண்டர்ஸுக்கு ஒரு கடிதம் வந்தது. அரை நாள் படிக்கிற பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வீட்டிலிருந்துதான் என்றாலும், நாலு வருடமும் தங்களுடன் படித்தவர்களோடு பள்ளியின் பட்டமளிப்பு விழாவில் அங்கி போட்டு மேடையேறலாம், பெற்றோர் கையெழுத்து இருந்தால் போதும் என்று எழுதியிருந்தார். உடனே போட்டுக் கொடுத்தேன். அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்காவ மட்டும் ஏம்மா விடல? ரூல மாத்திட்டாங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. ரூலை யாரும் மாற்றவில்லை மாரிட். இதே கடிதம் ஆறு வருடத்துக்கு முன்னால் உனக்கும் வந்தது. நான்தான் மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். உன்னிடம் பள்ளியில் முடியாது என்றுவிட்டார்கள் என்றேன். கூட வந்த படிவத்தில், மாணவிக்கு விருப்பமில்லை என்ற கட்டத்தில் குறி போட்டு அனுப்பினேன்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். உனக்குப் பின்னக் கணக்கு வராமல் இரண்டு பேரும் அழுத காலை எல்லாம் அந்தச் சமையலறை மேசையில்தான் நடந்தது. நீ அந்த மேடையில் ஏறினால் ஊர் முழுக்கப் பள்ளிக்குக் கை தட்டும், என்னை யார் நினைக்கப்போகிறார்கள் என்று தோன்றியது. சின்ன புத்திதான், வேறு பெயர் கிடையாது. நான் பிரிண்ட் போட்டு, ரிப்பன் கட்டி, கேக் வெட்டிக் கொடுத்த சான்றிதழை நீ சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டாய். அடுத்த நாள் பள்ளி விழாவில் பேண்டு குழுவோடு உட்கார்ந்து, உன் சிநேகிதிகள் ஒவ்வொருவராக நடந்து வர வர கிளாரினெட் வாசித்தாய். வீடு திரும்பும்போது வண்டியில், "மூணாவது வரிசையில ஒரு நாற்காலி காலியாவே இருந்துச்சேம்மா, யாரோடது?" என்று கேட்டாய். யாருக்கோ உடம்பு சரியில்லாமல் போயிருக்கும் என்றேன். அப்போது எனக்கும் நிஜமாகவே தெரியாது.

ஆண்டர்ஸின் படிவத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருமதி ப்ரூக்னர் கையெழுத்தைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டு, "இந்தத் தடவையாவது வந்துச்சே! மாரிட்டுக்கு எம்மேல என்னங்க கோபம்? கடையில பாத்தாக்கூட மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிடுவாளே. விருப்பமில்லன்னு தாள் வந்தப்புறமும், கடைசி நேரத்துல மனசு மாறி வருவான்னு அங்கியத் தேச்சு வெச்சிருந்தேன்" என்றார். அதற்கு மேலும் அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும், இந்த வாரமே அவரிடமும் சொல்லிவிடுவேன். அப்பாவுக்கும் ஆண்டர்ஸுக்கும் நேற்றுச் சொன்னேன். அப்பா எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். ஆண்டர்ஸ் மட்டும், "அக்காட்ட நீயே சொல்லும்மா, நான் சொல்ல மாட்டேன்" என்றான். அந்தப் பழைய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், மாவுக் கறை படிந்திருக்கும். நீ கோபப்பட்டால் அது நியாயம், சமாதானம் சொல்லிப் போன் மேல் போன் போட்டு உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், உன் கைபட்ட மீனெல்லாம் நன்றாகப் பெருகட்டும். விழா மே இருபத்து நாலாம் தேதி, ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு. திருமதி ப்ரூக்னர் அதோடு ஓய்வு பெறுகிறார், அவர் விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது, அவருக்கு ஒரு வரி எழுது. என்னைப் பார்க்கப் பிடிக்காவிட்டாலும் தம்பிக்காக வா, உன் கண்ணில் படாமல் பின்னால் நின்றுகொள்கிறேன். நீ வண்டியில் கேட்டதற்கு அன்று நான் தப்பாகப் பதில் சொல்லிவிட்டேன். அவர் அந்த நாற்காலியை விழா முடியும் வரை எடுக்கவே விடவில்லையாம். அது உன்னுடையது, கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா
லொரெட்டா