தலையாட்டி வாங்கிய பாலிசி

மார்ச் 4, திங்கள்

கார் இன்சூரன்ஸ் பதினோராம் தேதியோடு முடிகிறது. ஞாபகப்படுத்தியது பெனா. இருபத்தெட்டு வருடமாக எனக்கு மனைவி, எனக்குக் காலண்டரும் அவள்தான்.

"இந்தத் தடவையாவது முழுசா எடுங்க. அந்த வால்நட் மரம் ஒரு நாள் காரை முழுங்கத்தான் போகுது," என்றாள்.

மரம் லாசருடையது. அடிமரம் வேலிக்கு அந்தப் பக்கம். பெரிய கிளை இந்தப் பக்கம், நேராக என் காருக்கு மேலே. ஐந்து வருடத்துக்கு முன்னால் கிளையை வெட்டு என்றேன். "வேலி எங்க இருக்குன்னு மரத்துக்குத் தெரியுமா?" என்றான். அன்றோடு பேச்சு நின்றது. அவன் என் சொந்த அண்ணன், இரண்டு வயது மூத்தவன். வீட்டுப் பெண்கள் வேலி வழியாகப் பலகாரத் தட்டு கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். நாங்கள் இருவரும் அவரவர் பக்கத்தில் நின்று இருமிக்கொள்கிறோம்.

முதலில் பேச வேண்டியவன் அவன்தான். இதை எழுதி வைக்கிறேன், பின்னால் என் மனசு மாறினால் எடுத்துப் பார்க்க.

மார்ச் 6, புதன்

இன்சூரன்ஸ் அலுவலகம் போனேன். புதிதாக ஒரு பெண், ரலிட்சா. தபால்காரர் தோடோரின் மகள். பன்னிரண்டு வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டுப் போன மாதம்தான் ஊர் திரும்பியிருக்கிறாள். மணிக்கட்டில், மார்ச் பிறந்தால் ஊரே கட்டிக்கொள்ளும் சிவப்பு வெள்ளை நூல். மேஜையில் மூன்று பேனா, மூன்றும் ஒரே நேர்க்கோட்டில். எனக்குப் பிடித்துப்போயிற்று.

"தேர்டு பார்ட்டி கட்டாயம், வெலிச்கோ மாமா. நீங்க யார் மேலயாவது மோதினா, அவங்களுக்குப் பணம் போகும்."

"எனக்கு?"

"உங்களுக்கு ஒண்ணும் கிடையாது."

"நான் கட்டுற காசுல எவனோ பெயிண்ட் அடிச்சுக்குவானா?"

"அவன் உங்க மேல மோதினா, அவன் காசுல நீங்க அடிச்சுக்கலாம்."

இதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

அடுத்தது காஸ்கோ. அதுதான் என் சொந்தக் காருக்கு. திருட்டு, தீ, ஆலங்கட்டி, கண்ணாடி, மேலே வந்து விழுகிற பொருள் — ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். அவள் கேட்கக் கேட்கத் தலையை இடமும் வலமும் ஆட்டினேன், சரி, சரி என்ற அர்த்தத்தில். "மேல ஏதாவது விழுந்தா?" என்றபோது இரண்டு தடவை ஆட்டினேன். அப்புறம் என்னென்னவோ கேட்டாள். போர்ச்சுகலில் வண்டி நின்றுபோனால் வீடு வரை இழுத்து வருவது, தொலைந்த பெட்டி, கூட வரும் நாய்க்கு வைத்தியம். எனக்கு எதற்கு நாய்? மோவாயை மேலும் கீழும் ஆட்டினேன் — வேண்டாம், வேண்டாம்.

காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். எழுத்து பொடியாக இருந்தது, படிக்கவில்லை. முப்பத்தொரு வருடம் ரயில்வே சிக்னல் கேபினில் உட்கார்ந்தவன் நான். தெளிவில்லாத சைகை ஒன்றுகூடக் காட்டியதில்லை.

மார்ச் 17, ஞாயிறு

பகடைப் பலகையை எடுத்தேன். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை லாசரும் நானும் ஆடுவோம். இன்று இரண்டு பக்கமும் நானே ஆடினேன். தோற்றுப்போனேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

சாயங்காலம் பேய்க்காற்று. கிளை விழுந்தது. முன்கண்ணாடி போச்சு. கூரையில் சூப் ஊற்றிக் குடிக்கலாம், அவ்வளவு பள்ளம்.

லாசர் வேலிக்கு வந்து நின்றான். தொப்பியைக் கழற்றினான். மறுபடி போட்டுக்கொண்டான். நான் விசிலடித்துக்கொண்டே காரைச் சுற்றி வந்தேன். காஸ்கோ வைத்திருப்பவன் நடையே வேறு.

உண்மையைச் சொல்கிறேன், "டேய், உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்குப் போதும். கேட்கவில்லை.

ஏப்ரல் 22, திங்கள்

காஸ்கோ இல்லை.

"என்னம்மா இல்லங்கற?" என்றேன். ரலிட்சா திரையைத் திருப்பிக் காட்டினாள். திருட்டு — இல்லை. தீ — இல்லை. கண்ணாடி — இல்லை. மேலே விழும் பொருள் — இல்லை. போர்ச்சுகலிலிருந்து இழுத்து வர — உண்டு. பெட்டி — உண்டு. நாய் — உண்டு.

"நீங்கதானே மாமா ஒவ்வொண்ணுக்கும் வேண்டாம்னு தலையாட்டினீங்க."

"வேணும்னு ஆட்டினேன்மா. நம்ம ஊர்ல எல்லாரும் ஆட்டற மாதிரி, இதோ, இப்படி." ஆட்டிக் காட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஜெர்மனியில அப்படி ஆட்டினா வேண்டாம்னு அர்த்தம். மேலும் கீழும் ஆட்டினாத்தான் வேணும். பன்னிரண்டு வருஷம் மாமா, கழுத்தே மாறிப்போச்சு. அம்மா சூப் வேணுமான்னு கேக்கறாங்க, நான் ஆமான்னு தலையாட்டறேன், அவங்க பானையைத் தூக்கி உள்ள வச்சிடறாங்க."

கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வேண்டாம். இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்: கையெழுத்துப் போட்டது யாரு? நான்தான். படிச்சுப் பாத்தியா? பாக்கல. அப்புறம் அந்தப் பொண்ணு மேல என்னத்துக்குப் பாய்ச்சல்? வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு வண்டி வந்து மோதியிருந்தா அந்த வண்டியோட தேர்டு பார்ட்டி குடுத்திருக்கும். மரம்னா, மரத்துக்காரர் மேல கேஸ்தான் போடணும்," என்றாள்.

அண்ணன் மேல் கேஸ். இருமல் போதாதென்று கோர்ட்டா? முடியாது.

ஏப்ரல் 23, செவ்வாய்

பெனா காரை மூடத் தார்ப்பாய் கொடுத்தாள். வேலிக்குப் போய் அண்ணியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள், நாய் வரைக்கும்.

மே 5, ஈஸ்டர் ஞாயிறு

லாசர் வீட்டிலிருந்து வழக்கம்போல் தட்டு வந்தது. ஈஸ்டர் ரொட்டி, ஆறு சிவப்பு முட்டை. ரொட்டிக்கு அடியில் மடித்த காகிதம். இரண்டு வண்டி மோதினால், போலீஸைக் கூப்பிடாமல் ஓட்டுநர் இருவரும் சேர்ந்து நிரப்புகிற படிவம். மோதிய வண்டி: லாசரின் பழைய வேன். நாள்: ஏப்ரல் 19. தவறு யாருடையது என்ற இடத்தில் பெரிய எழுத்தில் 'என்னுடையது'. கீழே கையெழுத்து.

முப்பத்துநான்கு வருடம் ஊர்ப் பேருந்து ஓட்டியவன். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதைச் சொல்லாமல் அவன் எந்தக் கல்யாணத்திலும் சாப்பிட்டு எழுந்ததில்லை. அவன் எழுதியிருக்கிறான், தவறு என்னுடையது என்று. இரண்டு தடவை படித்தேன்.

அப்புறம்தான் படத்தைப் பார்த்தேன். விபத்து எப்படி நடந்தது என்று வரைந்து காட்ட ஒரு கட்டம் உண்டு. வரைந்திருக்கிறான். கீழே என் கார். அதன் கூரைமேல் அவன் வேன். வேனுக்கு மேலே, வானத்திலிருந்து இறங்கும் ஓர் அம்புக்குறி.

வேலிக்குப் போனேன். அந்தப் பக்கம் ஏதோ வேலை இருப்பதுபோல நின்றிருந்தான்.

"அண்ணே, உன் வேன் பறக்குமா?"

யோசித்தான். பேருந்துக்காரன், எதற்கும் அவசரப்பட மாட்டான்.

"அடி கூரையிலதானே? வேற எப்படிடா வரையறது?"

"பொய்க் கையெழுத்து போட்டா ரெண்டு பேரையும் உள்ள தள்ளிடுவாங்க."

"ஒரே அறையில போடுவாங்களா?"

"எதுக்கு?"

"பலகையை எடுத்துட்டுப் போலாம்னுதான்."

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். பிறகு இரண்டு பேருக்கும் உடனே இருமல் வந்தது. அவன் பையிலிருந்து ஒரு சிவப்பு முட்டையை எடுத்து நீட்டினான். நான் என்னுடையதை நீட்டினேன். ஈஸ்டர் வழக்கப்படி முட்டையோடு முட்டை மோதினோம். என் முட்டை உடைந்தது.

"இந்த மோதல வேணா வரைஞ்சு கையெழுத்துப் போடறேன்," என்றான்.

படிவத்தை எங்கும் அனுப்பவில்லை. அலமாரியில் இருக்கிறது. கேஸும் இல்லை, பணமும் இல்லை. என் மார்ச் 4-ஆம் தேதிக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். 'முதலில் பேச வேண்டியவன் அவன்தான்' என்ற வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

மே 18, சனி

பழைய வண்டிக் கடையில் முன்கண்ணாடி ஒன்றை இருவரும் தேடிப் பிடித்தோம். கூரையை லாசர் உள்ளே படுத்துக்கொண்டு காலால் உதைத்தே நிமிர்த்தினான். இப்போது மழை பெய்தால் இரண்டே இடத்தில்தான் தண்ணீர் நிற்கிறது.

மார்ச் 5, புதன் (அடுத்த வருடம், புதிய நோட்டு)

மறுபடியும் ரலிட்சா. அவள் தலைக்கு மேலே சுவரில் அட்டை: 'தலையாட்ட வேண்டாம். வாயால் சொல்லவும்.'

"திருட்டு?"

"வேணும்."

"மேல விழுற பொருள்?"

"வேணும். மிச்சக் கிளையையும் வெட்டியாச்சு. ஆனாலும் மரம் எங்க அண்ணனோடது, நம்ப முடியாது."

"நாய்?"

"வேண்டாம்மா."

"உங்களைத் தவிர வேற யாராவது இந்தக் காரை ஓட்டுவாங்களா?"

பழக்கதோஷம், தலையை இடமும் வலமும் ஆட்டிவிட்டேன். அவள் பேனாவைக் கீழே வைத்துச் சுவரைக் காட்டினாள்.

சன்னல் வழியாகப் பார்த்தேன். ஓட்டுநர் இருக்கையில் அண்ணன் தொப்பியோடு உட்கார்ந்திருந்தான், நிறுத்தத்தில் ஆள் ஏறக் காத்திருப்பது போல.

"ஓட்டுவான்," என்றேன். "லாசர்னு எழுதிக்கோம்மா. முப்பத்துநாலு வருஷம் பேருந்து ஓட்டினவன். ஒரு கீறல் கிடையாது."